ராணி வந்தால் படம் போகிறது

சோப்பு விளம்பரம் பளிச்சென்று தெரிந்தது. கிரிக்கெட் செய்தி தெரிந்தது. இரவு உரைக்கு முன்னோட்டமாக இங்கிலாந்து ராணியின் முகத்தைக் காட்டினால் மட்டும் டிவி முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிட்டது.

"ராணிக்கு நம்ம வூட்டு மேல என்னா மாமா கோவம்?" என்றார் லூர்துசாமியின் மைத்துனர் அந்தோணிசாமி. நல்ல கனத்த சரீரம்.

கடலூரில் லூர்துசாமி வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் காலையில் சர்ச்சில் பூசை, மதியம் பிரியாணி, இரவு எட்டரைக்கு ராணியின் உரை. அவர் அப்பா வெள்ளைக்கார துரை வீட்டில் சமையல் பார்த்தவர்; ரேடியோவில் ராஜா பேசும்போதே எழுந்து நின்றவர். அன்றிலிருந்து ராணி முகம் தெரிந்தால் குடும்பமே எழுந்துவிடும்.

இந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. லண்டனில் நர்ஸ் வேலைக்குப் போன மகள் பிரிசில்லாவுக்கு இது வீட்டை விட்டுப் பிரிந்த முதல் கிறிஸ்துமஸ். "நீ அங்க பாரு, நாங்க இங்க பாக்குறோம். ஒரே நேரம், ஒரே படம்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

மணி எட்டேகால். செம்மங்குப்பம் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த லூர்துசாமிக்குக் கை பரபரத்தது. கேபிள்காரர் கதிர்வேலை மாடிக்கு ஏற்றிவிட்டு, சோபாவில் மனைவிக்கும் மைத்துனருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"தெரியுதா சார்?"

"தெரியுது! ராணியேதான்!" மூவரும் துள்ளி எழுந்தார்கள். புள்ளி.

"போச்சுப்பா!"

கதிர்வேல் மாடியில் கேபிளை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். இப்போது எதிர்வீட்டில் சீரியல் நின்றுபோயிற்று. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் அவர் அங்கே ஓடினார்.

மூவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். படம் வந்தது.

"அசையாதீங்க!" லூர்துசாமி மெல்ல எழுந்தார். படம் இருந்தது. மனைவி புஷ்பவள்ளி எழுந்தாள். இருந்தது. அந்தோணிசாமி எழுந்தார். போயிற்று.

லூர்துசாமி சோபாவுக்கு அடியில் தலையை விட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏசு பொறந்த குடில் வைக்க எடம் வேணும்னு டிவிய இந்தப் பக்கம் தள்ளுனோமில்ல? வயரு பத்தல, ஒட்டுப் போட்டேன். ஒட்டு சோபாக் காலுக்குக் கீழ மாட்டிக்கிச்சு. நீ உக்காந்தா அழுந்தி செம்புக் கம்பி ரெண்டும் தொட்டுக்குது, படம் வருது. எழுந்தா வுட்டுப்போவுது. எவ்ளோ அழகு பாத்தியா!"

"அழகெல்லாம் இருக்கட்டும், சரி பண்ணுங்க. ரெண்டு நிமிசந்தான் இருக்கு" என்றாள் புஷ்பவள்ளி.

"பிரிச்சு ஒட்ட நேரமில்ல. மச்சான், நீ உக்காந்துக்க."

"ராணி முன்னாலயா? நான் மட்டும் மரியாத கெட்டவனா?"

அரிசி மூட்டையைச் சோபாவில் ஏற்றினார்கள். போதவில்லை. அதன் மேல் கிரைண்டரை வைத்தார்கள். மூட்டை சரிந்து, அரிசி குடிலுக்குள் கொட்டி, பொம்மை ஆட்டுக்குட்டிகள் மூழ்கிப்போயின.

போன் அடித்தது. "அப்பா, ஆரம்பிச்சிடுச்சு! பாக்குறீங்களா?"

லூர்துசாமி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் பிரிசில்லா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

"இங்க வீட்டுக்கார வெள்ளக்காரம்மாவே சோபாவுல கால நீட்டிக்கிட்டுதாம்பா ராணியப் பாக்குறாங்க. மூணு பேரும் உக்காருங்க, படம் வந்துடும்!"