பத்தாயிரத்து ஏழு கொட்டைப்பாக்கு

கணக்கில் பட்டம் வாங்கியவனை நிச்சயதார்த்தத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. அவனே மாப்பிள்ளை என்றால் வேறு வழியில்லை, பட்டுத்தான் ஆகவேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கம். திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. பெண், தண்டையார்பேட்டை மொத்தப் பாக்கு வியாபாரியின் மகள் சரோஜா. (கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தேன்.) தாம்பூலத்தில் பாக்கு, ஒன்றில் முடியும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அதைச் சமமாகப் பங்கு போட முடியாது, அதுபோலத் தம்பதியும் பிரியமாட்டார்கள் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் நூற்றொன்று வைப்பார்கள். என் வருங்கால மாமனார் கூடத்தின் நடுவில் ஒரு மூட்டையையே இறக்கினார்.

"பத்தாயிரத்து ஒண்ணு! எந்தக் கொம்பனாலயும் கூறு போட முடியாது. இன்னா மாப்ளே?"

தலையாட்டியிருக்கலாம். ஆனால், கல்லூரி விடுமுறை முழுக்க அந்த எண்ணோடு மல்லுக்கட்டியவனாயிற்றே நான்!

"முடியும் மாமா. எழுபத்து மூணு கூறு, கூறுக்கு நூத்தி முப்பத்தேழு. ஒண்ணுகூட மிச்சம் வராது."

மாமனார் முகம் சுண்டிவிட்டது. என் தாய்மாமன் தொடையைக் கிள்ளினார். "டேய், நல்ல நேரம் போய்க்கினே கீது, உனுக்குக் கணக்கா முக்கியம்?"

"அபசகுனமா பூட்ச்சே, வேற நாளு பாத்துக்கலாம்," என்று பெண்ணின் பெரியம்மா எழுந்தேவிட்டார். வேறு நாள் என்றால் வேறு மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியாதா?

"ஆறு பாக்கு சேத்துடுங்க! ஒண்ணுல முடியாட்டி என்ன, பத்தாயிரத்து ஏழு எதாலயும் வகுபடாது!" என்று கத்தினேன்.

"நீ சொன்னா ஆச்சா? இப்பவே காட்டு," என்றார் மாமனார்.

பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் வகுக்க ஆரம்பித்தேன். நூறுக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனென்றால் நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினாலே பத்தாயிரத்து ஏழைத் தாண்டிவிடும். (இதை விளக்கவும் செய்தேன். ஒருவரும் கேட்கவில்லை.) இருபத்து மூன்றுக்கு வந்தபோது அவசரத்தில் மீதி பூஜ்யம் என்று எழுதித் தொலைத்தேன். வகுபட்டுவிட்டது! குப்பென்று வியர்த்தது.

"ரெண்டு மிச்சம் வர்துங்க."

நிமிர்ந்தால் சரோஜா! உள்ளறையிலிருந்து எப்போது வந்தாளோ தெரியாது. பூஜ்யத்தை அழித்து இரண்டு போட்டாள். "நீங்க அம்பதுக்குள்ள முடிங்க. மேல கீறத நான் பாக்கறேன்," என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்த பெரியம்மா மறுபடி உட்கார்ந்தார். தொண்ணூற்றேழு வரை வகுத்துவிட்டோம், ஒன்றாலும் வகுபடவில்லை. மாமனாரே ஆறு பாக்கை எண்ணி மூட்டையில் போட்டார்.

எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? ஜாதகம் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள் ஊரெல்லாம் உண்டு. பகா எண்ணை நிரூபித்துக் கட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். இப்போதும் வீட்டில் சண்டை முற்றினால் சரோஜா குரலை உயர்த்தமாட்டாள்.

"அந்த ஆறு பாக்க எடுத்துடட்டா?" என்பாள்.

பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் முதல் ஆளாகச் சமாதானத்துக்குப் போய்விடுவேன்.