நாற்பத்தொன்று முதல் அறுபது வரை

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயரெடுத்துவிட்டால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கணினி ஆசிரியரான எனக்கும் வரவில்லை. மாட்டிக்கொண்டது ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அக்கா.

அக்கா அங்கே நர்ஸ். ஓய்வு நாட்களில் ரைபிள் சுடும் கழகத்துக்குப் போகிறாள். (தோட்டத்து லயன் வீட்டில் கரப்பான் பூச்சிக்குப் பயந்து கட்டில் மேல் ஏறி நின்ற அதே அக்காதான்.) தோட்டாக்களையும் தானே நிரப்புவாள். பித்தளைக் கூடுகள் வெளியே அச்சு அசல் ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே கொள்ளளவு கூடக் குறைய இருக்குமாம். உள்ளே இடம் கூடினால் அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் குறையும். குண்டு மெதுவாகப் போய், தூரத்து இலக்கில் கீழே படும். அதனால் நூறு கூடுகளுக்கு நம்பர் போட்டு, ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை தண்ணீர் விட்டு, நுண்தராசில் நிறுத்து எழுதியிருந்தாள். வேலை முடிந்து வந்து, மூன்று வாரமாகச் செய்த காரியம். அந்தப் பொறுமை எனக்கு ஏழு பிறவியிலும் வராது.

அவள் அனுப்பிய பட்டியலிலிருந்து ஒரே அளவான இருபதை, அவளுடைய முதல் போட்டிக்காக, நான் பிரித்துத் தர வேண்டும்.

நிறைகள் இருந்த வரிசையை மட்டும் தேர்ந்து ஒரு பட்டனைத் தட்டினேன். சிறியதிலிருந்து பெரியது வரை அழகாக அடுக்கி நின்றன. பக்கத்து வரிசையில் ஒன்று முதல் நூறு வரை இருந்த கூடுகளின் நம்பர்கள் அசையவே இல்லை; எந்த நம்பருக்கும் அதனதன் நிறை பக்கத்தில் இல்லை. (இந்தத் தவறைச் செய்யாதே என்றுதான் பிள்ளைகளுக்குப் பாடமே நடத்துகிறேன்.) நடுவிலிருந்த இருபது நம்பர்களை அனுப்பிவிட்டு ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் பெருமை பேசினேன்.

போட்டியன்று அம்மா, என் மனைவி, பொகவந்தலாவைச் சித்தப்பா எல்லோரும் என் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அக்காவின் தோழி வீடியோவில் காட்டினாள். ஒரு குண்டு மேலே பட்டது, அடுத்தது கீழே. காற்றுதான் காரணம் என்று சித்தப்பாவுக்கு விளக்கம் சொன்னேன். முகம் மாறாமல் இருபதையும் சுட்டு முடித்து, கடைசிக்கு முந்தின இடத்தோடு அக்கா போனுக்கு வந்தாள்.

"காத்து பக்கவாட்டுலதான்டா தள்ளும். இது மேலயும் கீழயும் போகுது. நீ குடுத்த நம்பர் என்னென்ன?"

பார்த்துச் சொன்னேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று... நாற்பத்தைந்துக்குமேல் என் குரல் இறங்கிவிட்டது.

"ஒரே அளவானதெல்லாம் வரிசையாவா வந்து உக்காரும்? நீ வாத்தியாராச்சேன்னு நானும் பார்க்கல. தப்பு என் மேலயும் இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் அதே பட்டியலைத் திரும்ப எனக்கே அனுப்பினாள். கையால் எழுதி, நான்கு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் இடம் வந்தாள்.

சென்ற ஆவணியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் உறைகளில் பெயரும் முகவரியும் எழுத எல்லோரையும் கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் தபால் முத்திரை ஒட்டுகிற வேலை.

"எல்லாம் ஒரே முத்திரை," என்றார் சித்தப்பா. "மாறிப் போகாது."