துரைக்கேற்ற புகையிலை

"நான் இன்னும் நூறு வருசம் இந்த மலைய ஆளுவேன்!" என்று மார்தட்டிவிட்டு மிக்கேல் பைப்பை ஓர் இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். கண் பிதுங்க, குடல் வாய்க்கு வர, இருமி இருமித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும், போதும்!" என்றாள் சர்ச்சில் பங்குத் திருநாள் நாடகத்தை எழுதி நடத்துகிற பின்சி டீச்சர். "நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே."

தினமும் இதே கதைதான். மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் ஒத்திகை. மிக்கேல் இருமினால் அவர் பங்கு முடிந்தது. அவருக்கு வாட்ஸப்பில் வந்த வசனமும் அந்த ஒரே வரிதான். "மிச்சம் தானா வந்துரும்ண்ணே" என்றிருந்தாள் டீச்சர்.

வேஷம் கைவிட்டுப் போய்விடுமோ என்று மனுஷன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. முதல் நாள் ஆளாளுக்குப் பைப்பைக் கொடுத்து இழுக்கச் சொன்னபோது, எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வீட்டு வினோ சும்மா ஜோராகப் புகை விட்டான். அவனை விட்டுவிட்டு, இருமிய மிக்கேலுக்கு வெள்ளைக்காரத் துரை வேஷத்தைக் கொடுத்தாள் டீச்சர். எதற்கென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எந்த நேரமும் பிடுங்கி வினோவிடம் கொடுத்துவிடுவாளோ?

கொடுத்துவிட்டால் மானம் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நாடகமென்றால் மிக்கேல் வாய் திறக்காத ஆட்டிடையன். ஒரு வருஷம் ஆடாகவே வந்தார். இப்போதுதான் கோட்டு, தொப்பி, வசனம். மனைவி இன்பமேரி கம்பத்திலிருக்கும் பிறந்த வீட்டார் அத்தனை பேரையும் வரச் சொல்லிவிட்டாள்.

"எங்கண்ணன் ஒங்களப் பாத்து ஒரு தடவையாச்சும் வாயப் பொளக்கணும்" என்று வேறு சொல்லியிருந்தாள்.

"பீடித் தூளத் திணிச்சா இருமாம என்ன செய்யும்?" என்று பழியைப் புகையிலைமேல் போட்டுவிட்டு, மிக்கேல் குமுளியில் சுற்றுலாக்காரர்களுக்குப் பைப் விற்கும் கடைக்குப் போனார்.

"நைசா எறங்கணும்ண்ணே. இருமலே வரக்கூடாது."

"வர்ஜீனியாவா, பர்லியா, கேவண்டிஷா?" என்றார் கடைக்காரர்.

"இதுல எது எலை, எது டஸ்ட்டு?" என்று தேயிலைக் கணக்கில் கேட்டார் மிக்கேல்.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "கேவண்டிஷ் கொண்டு போங்க. வெண்ணெய் கணக்கா எறங்கும்."

எங்கே இறங்கியது? முன்னைவிட மோசம். மிக்கேலுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, ருசி பார்க்கிற அதிகாரிக்குக் கோப்பை கழுவி வைப்பது. நல்ல சரக்கென்றால் அந்த அதிகாரியைப் போல 'சர்ர்ர்' என்று உச்சந்தலை வரை உறிஞ்சவேண்டும் என்பதே அவர் கற்ற பாடம். அப்படித்தான் புகையையும் உறிஞ்சினார்.

"தனிச் சரக்கு சரிப்படாது, கலக்கணும்" என்று அடுத்து முடிவுகட்டினார். கேவண்டிஷோடு வர்ஜீனியா, வாசத்துக்கு ஏலக்காய்த் தோல். அன்றைய இருமலுக்கு டீச்சர் கையே தட்டிவிட்டாள். கேலி பண்ணுகிறாளே, அதுவும் வினோவை வைத்துக்கொண்டு! மிக்கேலுக்கு அழுகை முட்டியது.

காரத்துக்கு இனிப்பு சேர்த்தால் அடங்குமென்று மறையூர் வெல்லத்தைக் கரைத்துத் தெளித்தார். எறும்பு மொய்த்தது. அது தெரியவந்தது நாக்கில் கடித்த பிறகுதான். இருமலோடு ஒரு குதியும் சேர்ந்துகொண்டது.

"யம்மாடி! இதுக்கு மேல ஒத்திகை வேண்டாம்ண்ணே, நேரா மேடைக்கு வந்துருங்க" என்று டீச்சர் கும்பிட்டாள்.

"ஒண்ணும் புரியல மேரி" என்று வீட்டில் வந்து புலம்பினார். "கை தட்டுது, கும்பிடுது, ஆனா முழுசா நடிக்க மட்டும் விடமாட்டேங்குது."

"அந்த எழவச் சும்மா வாயில வச்சுக்கிட்டு நில்லுங்களேன்."

"நெசப் புகை வரணும்னு சொல்லிருச்சே!"

மறுபடி குமுளி. கடைக்காரர் தன் முன்னால் இழுத்துக் காட்டச் சொன்னார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, நெஞ்சுக்குள்ள உறியச் சொல்லி யாரு சொன்னா? இதென்ன டீயா? வாயிலயே வச்சு மெதுவா விடுங்க. புகையிலையவும் அமுக்கித் திணிக்காதீங்க."

போயே போச்சு இருமல்! டீச்சரிடம் மிக்கேல் வாயே திறக்கவில்லை. மேடையிலேயே அசத்திவிடலாம் என்று இருந்தார்.

திருநாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. "நான் இன்னும் நூறு வருசம் இந்த மலைய ஆளுவேன்!" மிக்கேல் பைப்பை இழுத்தார். புகை பஞ்சு பஞ்சாக வந்தது. ஒரு செருமல்கூட இல்லை. முன்வரிசையில் மச்சான் வாயைப் பிளந்தார். மிக்கேலுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆனால் மேடையில் யாரும் அசையவில்லை. தொழிலாளி வேஷக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து என்ன? மிக்கேல் குழம்பினார்.

"நூறு என்ன, எறநூறு வருசம் ஆளுவேன்!" இன்னொரு இழுப்பு. அதுவும் அருமையான புகை.

"முந்நூறு!"

சபையில் சலசலப்பு. பின்சி டீச்சர் ஓரத்தில் நின்று தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சைகை காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள் போல.

"வேண்டாம் டீச்சர், தொண்டை நல்லாருக்கு!" என்று மிக்கேல் சிரித்தார்.

திரைக்கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துபோன கோயில்பிள்ளை கபிரியேல் அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"யோவ் மிக்கேலு, இருமிச் சாவுய்யா! அந்த இருமலுக்காகத்தானய்யா டீச்சரு ஒன்னயத் தொரையாக்குச்சு!"