எலுமிச்சை வாசம் பறந்துபோனது பற்றி லொரேனுக்கு

அன்புள்ள லொரேனுக்கு,

மலைமேல் நான் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் உன் அக்கா தெல்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தெல்மாவின் உடைந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோலை வீசிவிட்டு நடன வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு மிகவும் மகிழ்ந்தேன். மகிழ்ந்துவிட்டு, ஆடுகிறவளுக்கு இன்னும் எதற்குத் துணை என்று கொஞ்சம் யோசித்தேன். போனிலேயே கேட்டிருப்பேன். நீ அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுவதால் நான் கேட்பதற்கெல்லாம் தெல்மாதான் பதில் சொல்கிறாள். அதனால்தான் கடிதம்.

இந்த வருஷக் கஞ்சா அறுவடையைப் பற்றிச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. நீ இல்லாமல் முதன்முறையாக நானே கிளைகளை வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன், அன்றே பார்த்து மலை முழுக்க மூடுபனி இறங்கிவிட்டது, பூசணம் பிடித்துவிடுமே என்று பயந்து கோழிக்குஞ்சுகளுக்கு வைக்கிற ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன், அதுவும் போதாதென்று மின்விசிறியை நேராகக் கிளைகள்மேல் திருப்பிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து கஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யோவ் வெர்னன், பூவக் காயவைக்கிறியா, பிஸ்கட் சுடுறியா?" என்றான். ஹீட்டர் புகைவிட்டுச் சாகும்வரை நான் கேட்கவில்லை. மொக்கெல்லாம் வெளியே மொறுமொறுவென்று ஆகிவிட்டது. காய்ந்துவிட்டதா என்று நீ காம்பைக் காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பாயே, நானும் ஒடித்தேன். சத்தமே வரவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது. என் காதுதான் மந்தம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஜாடியில் அடைத்தேன். தினமும் மூடியைத் திறந்து காற்றாட விடுவாய் நீ. திறந்தால் வாசம் போய்விடுமே என்று நான் திறக்கவே இல்லை.

கடைசியில் திறந்தபோது நம் பூவுக்கு உரிய எலுமிச்சை வாசம் இல்லை, பைன் மர வாசம் இல்லை, அடியில் கொஞ்சம் மிளகுக் காரம், அதற்குமேல் மழையில் நனைந்த வைக்கோல், அதற்கும்மேல் பூனை மூத்திரம். "ஆரஞ்சுத் தோலப் போடு, மணம் ஏறிக்கும்" என்றான் கஸ். போட்டேன். தோலுக்குப் பச்சையாக முடி முளைத்தது.

யுரேகாவில் உரிமத்தோடு கஞ்சாக் கடை வைத்திருக்கும் ஜனெல் வந்து ஒரே ஒரு ஜாடியை முகர்ந்தாள். மற்றதைத் தொடவே இல்லை.

"ஹீட்டர் வச்சீங்களா?"

"கோழிக்குஞ்சு ஹீட்டர்தான். சின்னது."

"எலுமிச்சை, பைன் எல்லாம் லேசான வாசம் வெர்னன், சூடு பட்டா அதுங்கதான் முதல்ல பறக்கும். போனா திரும்பாது. குளிர்ச்சியா, இருட்டா, மெதுவா காயணும். உள்ள ஈரத்தோட மூடினா இப்படித்தான் நாறும். லொரேன் எங்க?"

"அக்கா வீட்ல."

"எப்ப வருவாங்க?"

நான் ஜாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனபிறகு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் உன் வேலைச் சட்டையை எடுத்தேன். கைப்பக்கம் பூவின் பிசின் ஒட்டியிருக்கிறது. போன வருஷத்து எலுமிச்சை வாசம் அப்படியே இருந்தது லொரேன், நீ கொட்டகையிலிருந்து நேராக வந்து என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்கிற மாதிரி. முகத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், கஸ் உள்ளே வந்துவிட்டான்.

"என்னய்யா பண்ற?"

"பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்குறேன்."

"கண்ணுலயும் பூச்சி விழுந்துடுச்சு போல" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே விஷயம் இதுதான். பிறகு அறுத்த இரண்டாம் வெட்டு இன்னும் கொட்டகையில் தொங்குகிறது. உன் மூக்கு இல்லாமல் அதையும் கெடுத்துவிடுவேன். உடனே புறப்பட்டு வரவும். முழுக்க முழுக்கத் தொழில் காரணம், வேறொன்றும் இல்லை.

தெல்மாவின் கால்கள் நன்றாக ஆடட்டும். உன்னை எல்லா நலமும் சூழட்டும்.

இப்படிக்கு,
உன் வெர்னன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடத் துணிச்சல் வராமல் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டேன். ஹீட்டர் செத்துப்போனதால் இரண்டாம் வெட்டு தன்பாட்டில், குளிரில், மெதுவாகக் காய்ந்தது. காம்பு சடக்கென்று ஒடிந்தபிறகுதான் அடைத்தேன். தினமும் மூடியைத் திறந்தேன். இன்று ஜனெல் முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "எலுமிச்சைத் தோல இப்பதான் உரிச்ச மாதிரி இருக்கு! லொரேன் வந்துட்டாங்களா?" என்றாள். இல்லை, நானேதான் என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது, அவள் வண்டி கீழே இறங்கும்வரை. ஆகையால் மேலே எழுதிய காரணம் எதுவும் இப்போது செல்லாது. தொழிலுக்கு நீ வரவேண்டியதில்லை. காரணம் ஒன்றும் இல்லாமல் வருவாயா?