திருகாணி வைத்த குறிமுள்

முதல் அறை விழுந்தபோது லூர்துசாமியின் முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் தையல் மிஷின் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் அவன். எதிரே நின்றவர் ஜப்பான் பட்டாளத்துச் சார்ஜன் மொரிதா. நடுவில், மேஜைமேல், சார்ஜனின் கைத்துப்பாக்கி. குழாயின் நுனியில் குறி பார்ப்பதற்காக நிற்க வேண்டிய முள் எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. புதிதாக ஒன்று வைத்துத் தர வேண்டும். அசையாதபடி ஈயத்தால் ஒட்டிவிடுவதா, இப்படியும் அப்படியும் நகர்த்தத் திருகாணி வைப்பதா என்பதை லூர்துசாமியே முடிவு செய்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஈப்போ திடலில் சுடும் போட்டி. சார்ஜன் தோற்றால், லூர்துசாமி சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும்.

இவ்வளவையும் தமிழில் சொன்னவர் மொழிபெயர்ப்பாளர் சதாசிவம். சண்டைக்கு முந்தி ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மூன்று மாதம் ஜப்பான் பாடம் படித்துவிட்டு, தோக்கியோவில் பிறந்தவர்போல நடந்துகொண்டிருந்தார்.

சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதாகச் சிலிபினில் பேச்சே இல்லை. மனைவி எல்ஸிக்கு இது ஏழாம் மாதம். பயம் வந்தால் சிலருக்குக் கால் நடுங்கும். லூர்துசாமிக்கு வாய் நிற்காது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவன் வாய்க்கு சயாமே போகலாம். சார்ஜனுக்கு முன்னால் பணிவாகக் குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"இந்தக் கட்டையனுக்கு முள்ளு ஒரு கேடா கிராணியாரே? வாழைத்தண்டக் கையில குடுத்தாலும் ஒண்ணுதான். சரி, குடுங்க, பாக்கலாம்லா."

பளார்.

"அண்ணே!" என்று சதாசிவம் பதறினார். "'பாக்க'ன்னா அவங்க பாசையில முட்டாளு! மூஞ்சிக்கு நேரா முட்டாளுன்னா சும்மா விடுவாரா?"

"ஐயோ மாதாவே! பாக்காம எப்படி ரிப்பேர் பண்றது?"

"பாருங்க. சொல்லாதீங்க."

முதலில் ஈயம்தான் வைத்தான். உடைந்த மிஷின் ஊசியில் ஒரு துண்டை நறுக்கி, குழாய் நுனியில் ஒட்டிக் கொடுத்தான். பின்கட்டில் பப்பாளி மரத்தடியில் ஒரு பால் டின்னை வைத்துவிட்டுச் சார்ஜன் சுட்டார். டின் அப்படியே இருந்தது. குண்டு இடது பக்கமாகப் போய், பக்கத்து வீட்டு இருளாயியின் தண்ணீர்ப் பானையை உடைத்தது. மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்கும் இருளாயி, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

குண்டு இடது பக்கம் போனால் முள்ளை வலது பக்கம் தள்ள வேண்டும் என்பது லூர்துசாமியின் கணக்கு. நியாயமான கணக்குதான். துப்பாக்கிக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஈயத்தை உருக்கி, முள்ளை வலது பக்கம் தள்ளி ஒட்டினான். அடுத்த குண்டு இன்னும் இடது பக்கமாகப் போய், இருளாயியின் முட்டைக் கோழியைச் சாய்த்தது.

சார்ஜன் திரும்பினார். லூர்துசாமி குனிந்தான், சிரித்தான், வார்த்தையையும் கவனமாகத் தேர்ந்தெடுத்தான்.

"கொரங்கு கையில பூமாலையக் குடுத்துட்டு, பூவக் குத்தஞ் சொன்னா எப்படி கிராணியாரே? இன்னொருக்கா நோக்கலாம்."

பளார்.

"இப்ப எதுக்கு? 'நோக்க'ன்னுதானே சொன்னேன்!"

"அதுவும் கெட்ட வார்த்தை போலிருக்குண்ணே."

"என்ன அர்த்தம்?"

"அது இன்னும் பாடத்துல வரல. வந்தா சொல்றேன்."

ஈயம் வேண்டாம், நகர்த்துகிற மாதிரியே வைத்துவிடலாம் என்று லூர்துசாமி திருகாணிக்குத் தாவினான். தையல் மிஷினின் குட்டித் திருகாணி ஒன்றைப் பொருத்தினான். குண்டு போகிற பக்கமே முள்ளையும் நகர்த்த வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. சார்ஜன் சுட்டார். டின் பறந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சார்ஜனுக்குத் திருகாணி பிடித்துப்போய்விட்டது. விளக்குத் திரியை ஏற்றி இறக்குவதுபோல ஒவ்வொரு தடவையும் திருகினார், சுட்டார். ஒரு குண்டு சாக்கடைக்குப் போனது. ஒரு குண்டு பப்பாளியைத் துளைத்தது. கடைசிக் குண்டு லூர்துசாமியின் தகரக் கூரையில் புகுந்து வெளியேறியது.

"இந்த ஆளுக்கு மண்டைய வெச்ச ஆண்டவன், அதுக்கொரு திருகாணி வெக்க மறந்துட்டாரு," என்றான் லூர்துசாமி, மிகவும் மரியாதையாக.

பளார். காது ரீங்காரமிட்டது.

"இதுல 'பாக்க'வும் இல்ல, 'நோக்க'வும் இல்லலா!"

"எனக்கென்னவோ 'திருகாணி' மேலதான் சந்தேகம்," என்றார் சதாசிவம்.

"என்னய்யா பாசை இது? வாயத் தொறந்தாலே கெட்ட வார்த்தையா?"

சார்ஜன் என்னவோ உறுமிவிட்டுப் போனார். திருகாணி கட்டாயம் இருக்க வேண்டும், குறியும் தப்பக் கூடாது, நாளை மறுநாள் போட்டி என்று சதாசிவம் மொழிபெயர்த்தார்.

லூர்துசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். திருகாணி இருந்தால் அந்த மனிதர் திருகுவார். திருகினால் குறி தப்பும். தப்பினால் சயாம். பிள்ளை முகம் பார்க்காமலே போக வேண்டியதுதான்.

எல்ஸிதான் காப்பித் தண்ணீரை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவருக்குத் திருகத்தானே வேணும்? நல்லாத் திருகட்டும். முள்ளு எதுக்குங்க அசையணும்?"

லூர்துசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். முள்ளைச் சரியான இடத்தில் ஈயம் வைத்து இறுக்கி ஒட்டினான். திருகாணியை அதன் பக்கத்திலேயே சும்மா சுற்றும்படி நிறுத்தினான். என்ன திருகினாலும் 'கிடுக் கிடுக்' என்று சத்தம் வரும், முள் அசையாது.

"கொடுக்கிறப்ப வாய மட்டும் மூடிக்கிட்டு இருங்க," என்றாள் எல்ஸி.

மறுநாள் அப்படியே செய்தான். சார்ஜன் திருகிப் பார்த்தார், தலையாட்டினார். என்ன ஆச்சரியம், அன்றைக்கு அறையே விழவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வாசலில் வண்டி நின்றது. சார்ஜன் ஜெயித்துவிட்டார். சதாசிவத்தின் தோளில் அரை மூட்டை அரிசி. கிழங்கையே தின்று நாக்கு மரத்துப்போன எல்ஸி, அரிசியை அள்ளிப் பார்த்து அழுதேவிட்டாள். லூர்துசாமிக்கும் கண் கலங்கியது. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் வாயும் திரும்பி வந்தது. தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து சொன்னான்:

"அந்தத் திருகாணி வெறும் பொம்மை கிராணியாரே! சுத்திச் சுத்தி வெச்சுத் தானே ஜெயிச்சதா நெனைக்குது கூமுட்டை!"

சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் விழவில்லை. சார்ஜன் லேசாகத் தலை வணங்கிவிட்டு வெளியே போனார்.

"பாத்தீங்களாண்ணே," என்றார் சதாசிவம். "'கூமுட்டை' ஜப்பான்ல தப்பே இல்ல."

கொஞ்ச நேரத்தில் இருளாயி உள்ளே வந்தாள். அக்குளில் உயிருள்ள ஒரு கோழி.

"செத்த கோழிக்குப் பதிலு கோழி குடுத்துட்டாருண்ணே, நம்ம போட்டோக்காரரு!"

"எந்தப் போட்டோக்காரரு?"

"இப்ப வெளிய போனாருலா சார்ஜன், அவருதான். சண்டைக்கு முந்தி எங்க தோட்டத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அவருதான் படம் பிடிப்பாரு, தமிழு நம்மள விட நல்லாப் பேசுவாரு. தெரிஞ்சமாதிரி காட்டிக்கிட்டா எல்லாரும் வாய மூடிக்கிறாங்களாம், அதான் ஒரு கிராணியக் கூட்டிக்கிட்டு அலையிறாராம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருண்ணே: 'பொம்மைத் திருகாணிக்கு ரொம்ப நன்றி. ஜெயிச்ச அன்னிக்குக் கை நீட்டக் கூடாதுன்னு விட்டுட்டேன். கூமுட்டைக்கு ஒரு அறை பாக்கி இருக்கு, நாளைக்கு வந்து வாங்கிக்கிடச் சொல்லு.'"