ஞானத்தகப்பனின் இரத்தம்

குருநகர்,
வியாழக்கிழமை

என் மகள் லவீனாவின் ஞானத்தகப்பனாகிய எமில்ராஜ் அண்ணைக்கு,

கனிசியஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சுகமில்லை. நீர்கொழும்பில் இருந்துகொண்டு நீங்கள் என் அழைப்பை எடுக்காததால் தபாலில் வருகிறேன்.

லவீனாவுக்கு வயிற்றோட்டமும் இரத்தக்குறைவும் மாறவில்லை. உடம்பின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை பிடித்து முடிந்ததும் 'போதும்' என்று அவற்றுக்குச் சொல்ல ஒரு புரதம் இருக்கிறதாம், அதைச் செய்கிற மரபணுவின் பெயர் சி.ரி.எல்.ஏ.-4 என்பதாம், பிள்ளைக்கு அதில் ஒரு பிரதி பழுதாம், அதனால் அந்த அணுக்கள் நிற்கத் தெரியாமல் அவள் குடலையே அடிக்கின்றனவாம். பழுது இருந்தும் சிலர் சுகமாகத் திரிவார்களாம். எலும்பு மச்சை மாற்றவேண்டும், கொடுப்பவருக்கு அந்தப் பழுது இருக்கக்கூடாது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் என்னிடமும் மனைவி கத்தரீனாவிடமும் மகன் றஜிந்தனிடமும் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அண்ணை. கத்தரீனா ஒரு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள், நான் சாது. அப்ப உந்த நிப்பாட்டத் தெரியாத குணம் எங்கையிருந்து வந்தது? ஞானஸ்நானத்தில் ஏந்தினவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று எங்கடை தெருவுக்கே தெரியும். பெருநாளில் ஒலிபெருக்கியை எந்தப் பனைமரத்திலை கட்டுறது எண்டு என்னோடை துவங்கின சண்டையை, பாதர் போதும் எண்டு சொல்லியும் பொலிஸ் போதும் எண்டு சொல்லியும் நீங்கள் நிப்பாட்டினீங்களோ?

"ஞானத்தகப்பன்ரை இரத்தத்தையும் பாருங்கோ" என்று டொக்டர் பிரியந்தினியிடம் சொன்னேன்.

"அவர் உங்களுக்கு என்ன சொந்தம் ஐயா?"

"சொந்தமில்லை. பிள்ளையை ஏந்தினவர்."

அவர் பேனையை மூடிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். ஆகவே நீங்களே வந்து இரத்தம் கொடுங்கோ. பிள்ளை மெலிந்துவிட்டாள், எனக்குப் பயமாயிருக்கிறது.

மாதா உங்கள் வீட்டாரைக் காப்பாராக.

இப்படிக்கு,
கனிசியஸ்

பி.கு.: தபாலில் போடமுன் முடிவு வந்துவிட்டது. பழுது என்னுடையது. என் மச்சை என் பிள்ளைக்கு உதவாது. றஜிந்தனுக்குப் பழுதில்லை, பொருத்தமும் சரி, அவன் கொடுக்கிறான். குணத்துக்கும் அந்த மரபணுவுக்கும் சம்பந்தமேயில்லை என்று டொக்டர் சொல்கிறார். அப்படியென்றால் நாங்கள் ஏன் சண்டை பிடித்தோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேறு கடிதம் எழுதப் போனேன். "எழுதினது போதும், அனுப்புங்கோ" என்றாள் கத்தரீனா. லவீனா உங்களைக் கேட்கிறாள். இரத்தம் வேண்டாம் அண்ணை, சும்மா வாருங்கோ.