பெண் பார்க்கப் போய்த் தாயம் ஆடிய கதை

கஷ்டமான காரியம் எதுவும் என்னைக் கெடுத்ததில்லை. கெடுத்ததெல்லாம் சுலபமானவைதான்.

என் போனில் பேங்க் செயலி ஒன்று இருக்கிறது. உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்கும். சொன்னால் தப்பு என்னும். சரியாகச் சொல்லிவிட்டால், நீ மனிதன்தானா என்று சந்தேகப்பட்டு, டிராபிக் லைட் படங்களைக் காட்டித் தொடச் சொல்லும். (நான் மனிதன் என்று என் முதலாளியையே நம்ப வைக்க முடியவில்லை, இதையா நம்ப வைப்பேன்?) அதற்குப் பக்கத்திலேயே இருந்தது அந்தத் தாயம் விளையாட்டு. பேர் கேட்காது, ஊர் கேட்காது. கட்டைவிரலால் ஒரு தொடு, தாயக்கட்டை உருளும். காய் தானாக நகரும், எண்ணக்கூட வேண்டாம். எதிராளியை வெட்டினால் சேவல் கூவும். காய் கட்டமெல்லாம் கடந்து பழமானால் தவில் முழங்கும். பந்தயம், பணம் எதுவும் கிடையாது. அவ்வளவு மரியாதையாக என்னை அதுவரை யாரும் நடத்தியதில்லை.

அப்போது நான் ஏற்காட்டில், ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். சனி ஞாயிறு போனால் ஆள் வராது. வாசல் வழியாக மேகம் மட்டும் உள்ளே வந்து, ரூம் கேட்காமல் திரும்பிப் போகும். மற்ற நேரமெல்லாம் தாயம்தான். எதிரே ஆடுவது யாரென்று எனக்குத் தெரியாது, என்னை யாரென்று அவர்களுக்கும் தெரியாது. பெரிய நிம்மதி அது.

இந்த நிம்மதியைத் தாங்க முடியாத ஒரே ஆள் சேலத்தில் இருந்த என் அம்மா. என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அவர் ஏறாத வாசல் இல்லை. "மலை மேல லாட்ஜுல வேலைங்களா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் நாகலூரிலிருந்து ஒரு ரைட்டர் வீடு மட்டும் வரச் சொன்னது. (ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. காபி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவர்.)

"சாமி, இதையும் உட்டயின்னா அப்புறம் அந்த லாட்ஜுச் சாவியத்தான் கட்டிக்கோணும்" என்றார் அம்மா. சும்மா சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அம்மா, தாய்மாமா, நான். மாமாவின் காரில் நாகலூர் போய்ச் சேர்ந்தோம். காபிச் செடிகளுக்கு நடுவே ஓட்டு வீடு. ரைட்டர் கும்பிட்டு உட்கார வைத்தார். டவர் கிடைக்காத இடம் என்பதால் வைபை போட்டிருந்தார், விருந்தாளி என்று எனக்கும் இணைப்புக் கொடுத்தார். விதி அங்கேதான் காலை நீட்டியது. அம்மாவும் மாமாவும் நிலவரம், மழை என்று பேசிக்கொண்டிருக்க, என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது.

ரைட்டர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, அது தாயமுங்களா?"

திருடன் மாதிரி விழித்தேன்.

"நம்மகிட்டயும் இருக்குதுங்க! எனக்கு இந்தப் போனுல வேற ஒரு இழவும் தெரியாதுங்க. இது ஒண்ணுதான் நொம்ப லேசு. தொட்டா உருளுது."

இப்படி ஒரு மாமனார் கிடைக்க எத்தனை ஜென்மம் தவம் செய்தேனோ என்று நினைத்தேன். அருகில் இருப்பவரோடு ஆட ஒரு பொத்தான், அதையும் தொட்டோம். ஒரே களத்தில் இருவரும் இறங்கினோம். இறங்கியதும் அவர் போன் 'கீ' என்று ஒரு முறை கத்தியது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தத்தை முழுசாக வைத்திருந்தார். நான் மரியாதைக்காக என்னுடையதை அணைத்திருந்தேன். பழைய போன், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஓரிரு தடவை எழுந்து சமையலறைக்குப் போனார், போனோடுதான் போனார்.

ஆட்டம் சூடு பிடித்தது. என் கடைசிக் காய் பழமாக ஒரே ஒரு தாயம் பாக்கி. அந்த நேரம் பார்த்து யாரோ முன்னால் வந்து நின்றார்கள். காபி மணந்தது.

"செத்த இருங்க, காய் பழமாகப் போவுது" என்றேன். சொல்லிவிட்டு, தலை தூக்காமலே டம்ளரை எடுத்துக்கொண்டேன். கொலுசு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது.

பஜ்ஜி சாப்பிட்டதும் மாமா வழக்கப்படி எழுந்தார். "நாங்க அஞ்சு நிமிசம் வெளிய கலந்து பேசிட்டு வந்துர்றோமுங்க."

மாப்பிள்ளை வீட்டார் வெளியே போய் ரகசியம் பேசுவதும், பெண் வீட்டார் கேட்காத மாதிரி உள்ளே உட்கார்ந்திருப்பதும் எங்கள் பக்கத்து நாகரிகம். போனை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சில்வர் ஓக் மரத்தடியில், கார் மறைவில் நின்றோம்.

அம்மா ஆரம்பித்தார். "பஜ்ஜியா அது? வெளிய எண்ணெ, உள்ள பச்ச மாவு. அந்த மனுசன் என்னடான்னா, பொண்ணுக்கு அப்பனாட்டமா இருக்கறாரு? பச்சப்புள்ளையாட்டம் போனை நோண்டிக்கிட்டு! ஆனா பொண்ணு தங்கம். இவன் மூஞ்சிக்கு இந்தப் பொண்ணு கெடச்சா எம் மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெக்கிறேன்."

"மாப்ளே, நீ சொல்லு. புடிச்சிருக்குதா?" என்றார் மாமா.

"பாக்கல மாமா."

"என்னது?"

"அவுங்க வந்தப்ப எனக்குக் கடைசிக் காய்…"

"சீலை என்ன கலருன்னாச்சும் தெரியுமா?"

"காபி நல்லா இருந்துச்சு மாமா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மூதேவி! நான் பாத்துட்டேன், அது போதும். உள்ள போயி, நொம்பப் புடிச்சிருக்குதுன்னு சொல்லு."

திரும்பி வந்தோம். வாசற்படியில் அம்மா என் காதோடு, "மொகத்தச் சிரிச்சாப்பல வெச்சுக்கோ" என்றார்.

"மொகத்தச் சிரிச்சாப்பல வெச்சுக்கோ" என்று வீட்டுக்குள்ளிருந்தும் அம்மாவின் குரல் வந்தது.

டீப்பாய் மேல் ரைட்டரின் போன். முழுச் சத்தத்தில். இப்படி அருகில் இருப்பவரோடு ஆட்டத்துக்குள் நுழைந்தால் மைக் தானாகவே திறந்துகொள்ளுமாம். ஆடுகிறவர் சிரமப்படக் கூடாதல்லவா! அணைக்க மூலையில் கடுகளவு ஒரு பொட்டு உண்டு. அத்தனை நாள் ஆடியும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

பஜ்ஜித் தட்டைக் காணோம். ரைட்டர்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "பஜ்ஜி நான் போட்டதுங்க. ஆட்டத்துக்கு நடுவுல போட்டது. அதான் வேகலீங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது கொலுசு மறுபடி வந்தது, என் முன்னால் நின்றது.

"இப்பப் பாத்துக்கங்க" என்றது குரல்.

நிமிர்ந்தேன். அரக்குச் சேலை. கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவ்வளவு அழகான ஒருத்தி என் எதிரே நின்றபோது நான் கட்டை உருட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க அழுகையே வந்தது. இவள் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று நானும் மாரியாத்தாளுக்கு ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டேன். பேர் அமுதா என்பதுகூட அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நானும் உங்க மூஞ்சியப் பாக்கலீங்க. நின்ன நேரம் பூரா உச்சந்தலையத்தான் பாத்தேன். உங்களுக்கு ரெட்டைச் சுழி."

ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்பது ஊரறிந்த சங்கதி. அம்மா இத்தனை வருஷமாக எண்ணெய் வைத்துப் படிய வாரி மறைத்த ரகசியம் அது. "அது சுழி இல்லீங்க, லேசாச் சொட்டை" என்று மாமா குறுக்கே விழுந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

"பரவால்லீங்க. மொதக் கல்யாணந்தான் அந்தப் போனோட ஆயிருச்சே" என்றாள் அமுதா. "எனக்கு ரெண்டாந்தாரமா வரச் சம்மதமுங்க."

என்னை எதற்காகக் கட்டிக்கொண்டாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்காக யாரு கட்டுனா? கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் மனசுல இருக்கறதைப் பூராவும் கேட்ட மருமவ இந்த மலையிலயே நான்தான். அந்த வாய்ப்பை உடுவனா?" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் போனுக்குப் பேர் அக்கா. மூத்த தாரம் அல்லவா, மரியாதை உண்டு. "அக்காவைக் கீழ வெச்சுட்டுச் சோறு திங்க வாங்க" என்பாள். "அக்காவுக்குச் சார்ஜு போட்டாச்சா?" என்று மாமனாரே கேட்கிறார்.

அம்மா சேலத்திலிருந்து வந்தால் மருமகளைப் பற்றி என்னிடம் ரகசியமாகச் சொல்ல நிறைய இருக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார். "அக்கா எங்க இருக்கறா?" என்பார். என் சட்டைப்பையில் கையை விட்டு அக்காவை எடுத்து, அரிசி டிரம்முக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.